பளு தூக்குபவர் ஓடலாமா?

டர்பன் கடற்கரை நடைபாதையில் விடியும் முன்பே போய் நின்றால், அரை இருட்டில் கூட்டம் கூட்டமாக ஓடுபவர்களைப் பார்க்கலாம். அவர்களில் பலர் காம்ரேட்ஸ் மாரத்தானை மனத்தில் வைத்து ஓடுபவர்கள். 1921இல் தொடங்கிய அந்த ஓட்டம், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் மேடும் பள்ளமுமான சாலையை ஒரே நாளில் கடக்கச் சொல்கிறது. அதை ஒரு தடவையாவது ஓடி முடித்த மாமாவோ சித்தப்பாவோ நம் உறவில் யாருக்கேனும் இருப்பார். அன்றைய மாலையே டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு ஜிம்முக்குள் நுழைந்தால் முற்றிலும் வேறு ஆட்களைக் காண்போம். இரு முனையிலும் எடை மாட்டிய கம்பியான பார்பெல்லைத் தோளில் சுமந்து, உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்பவர்கள், படியேறக்கூட மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டத்தை மறந்துவிட்டவர்கள். முதல் கூட்டம் பளு தூக்கினால் உடல் கனத்துப்போய் வேகம் குறையும் என்று நம்புகிறது. இரண்டாம் கூட்டம் ஓடினால் சேர்த்த தசையெல்லாம் கரைந்துபோகும் என்று அஞ்சுகிறது.

இவ்விரு கூட்டத்தாரையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்துபவைதான், ஓட்டத்தையும் பளு வேலைகளையும் சேர்த்துக் கேட்கும் ஃபங்ஷனல் ஃபிட்னஸ் போட்டிகள். மாலை நேரங்களில் புதியவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் என்னிடம், இப்போட்டிகளில் இறங்க விரும்பும் தம்பிமாரும் தங்கைமாரும் முதலில் கேட்கும் கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றேதான்: "அண்ணா, இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரண்டுமே கெட்டுப்போகாதா?" இந்தக் கேள்வியில் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த உண்மை எவ்வளவு, அது யாரைப் பாதிக்கும், அதைச் சுற்றிக்கொண்டு போக என்ன வழி என்பவற்றை, பயிற்சியைத் தொடங்கும் நிலையில் இருப்பவருக்குப் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

போட்டி என்ன கேட்கிறது

முதலில் போட்டியைத் தெரிந்துகொள்வோம். இன்று பெரிதும் பேசப்படும் ஹைராக்ஸ் 2017இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தோன்றியது. அதன் அமைப்பு எங்கு நடந்தாலும் மாறாது. 1 கிலோமீட்டர் ஓட வேண்டும், பிறகு ஒரு வேலையைச் செய்ய வேண்டும்; இவ்வாறு எட்டு ஓட்டங்களும் எட்டு வேலைகளும் மாறி மாறி வரும். பனிச்சறுக்குக் கோல்களை இழுப்பது போன்ற இயந்திரத்தில் 1000 மீட்டர், ஸ்லெட் என்னும் எடை ஏற்றிய சறுக்குச் சட்டத்தைத் தள்ளுவதில் 50 மீட்டர், அதைக் கயிற்றால் இழுப்பதில் 50 மீட்டர், தரையில் படுத்து எழும் பர்ப்பி செய்து முன்னோக்கித் தாவுவதில் 80 மீட்டர், துடுப்பு இயந்திரத்தில் 1000 மீட்டர், இரு கைகளிலும் கெட்டில்பெல் என்னும் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு சுமந்து 200 மீட்டர், தோளில் மணல்மூட்டையுடன் முழங்காலை மடக்கி எட்டு வைத்து 100 மீட்டர், இறுதியாகக் கனமான பந்தைச் சுவரிலுள்ள இலக்கை நோக்கி 100 தடவை எறிதல். திறந்த பிரிவில் ஆண்கள் தள்ளும் ஸ்லெட்டின் எடை மொத்தம் 152 கிலோ, பெண்களுக்கு 102 கிலோ. சுமந்து நடக்கும் கெட்டில்பெல் ஆண்களுக்கு ஒரு கைக்கு 24 கிலோ, பெண்களுக்கு 16 கிலோ.

கிராஸ்ஃபிட் வகைப் போட்டிகள் இதற்கு மாறானவை. அதன் உலகப் போட்டி 2007இல் கலிஃபோர்னியாவின் அரோமாஸ் என்னும் ஊரில் ஒரு பண்ணையில் தொடங்கியது. அங்கே எந்த வேலை வரும் என்பது முன்கூட்டியே உறுதியாகத் தெரியாது. ஒரு வேலை நான்கு நிமிடத்தில் முடியும், இன்னொன்று நாற்பது நிமிடம் நீளும், மற்றொன்று ஒரே ஒரு தடவை எவ்வளவு எடையைத் தூக்குகிறோம் என்பதாக இருக்கும். ஹைராக்ஸ் தாங்குதிறன் பக்கம் சாய்ந்தது; கிராஸ்ஃபிட் வலிமைக்கும் வேகமான தூக்குகளுக்கும் கூடுதல் இடம் தருவது. எதில் இறங்கப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் பயிற்சித் திட்டம் வகுப்பது, எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாமல் பேருந்தில் ஏறி உட்காருவதற்குச் சமம்.

வலிமையும் தாங்குதிறனும் சேர்ந்த உழைப்பு நமக்குப் புதியதன்று. 1860 நவம்பர் 16ஆம் நாள் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் நாள் முழுதும் வெட்டியதும் கட்டியதும் சுமந்ததும் அத்தகைய உழைப்புத்தான். அவர்கள் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை, ஒப்பந்தம் அவர்கள் முதுகில் ஏற்றியது என்பதால் அதை விளையாட்டோடு ஒப்பிடத் தயங்குகிறேன். ஆனாலும் மனித உடல் இரண்டையும் ஒருங்கே தாங்கக்கூடியது என்பதற்கு அதைவிட நெருக்கமான சான்றை என்னால் காட்ட முடியாது.

அச்சம் எங்கிருந்து வந்தது

ஓட்டம் தசையைக் கெடுக்கும் என்னும் பேச்சுக்கு ஓர் அறிவியல் தோற்றுவாய் உண்டு. 1980இல், சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹிக்சன் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூன்று குழுக்களுக்குப் பத்து வாரம் பயிற்சி தரப்பட்டது. முதல் குழு எடைப் பயிற்சி மட்டும் வாரத்துக்கு ஐந்து நாள் செய்தது. இரண்டாம் குழு தாங்குதிறன் பயிற்சி மட்டும் ஆறு நாள் செய்தது. மூன்றாம் குழு முதலிரு குழுக்களின் பயிற்சி முழுவதையும் சேர்த்துச் செய்தது. தாங்குதிறனைப் பொறுத்தவரை, இரண்டையும் செய்தவர்கள் ஓட்டக் குழுவுக்குக் குறையாமல் முன்னேறினார்கள். வலிமையில்தான் வேறுபாடு தெரிந்தது. ஏறத்தாழ ஏழாம் வாரம் வரை எடைக் குழுவுக்கு இணையாக ஏறிய அவர்களது வலிமை, பிறகு ஒரே நிலையில் நின்றது. கடைசி இரு வாரங்களில் இறங்கவும் செய்தது. இதற்குப் பின்னாளில் குறுக்கீட்டு விளைவு என்று பெயர் வந்தது.

இந்த முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு பலர் பேசுகிறார்கள். பயிற்சி எப்படி நடந்தது என்பதைப் பார்ப்பதில்லை. மூன்றாம் குழுவினர் வாரத்துக்குப் பதினொரு பயிற்சிகள் செய்தார்கள். எடைப் பயிற்சியில் முடிந்த அளவு கனமாகத் தூக்கச் சொன்னார்கள். மூன்று நாள் சைக்கிளில், வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும், உச்ச அளவை நெருங்கும் இடைவெளிப் பயிற்சி; மற்ற மூன்று நாள் முடிந்த அளவு வேகமாகத் தொடர் ஓட்டம். இலேசான நாள் என்று ஒன்றுகூட இல்லை. அந்நிலையில் ஏழு வாரம் முன்னேறினார்கள் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஒதுக்கும் ஒருவருக்கு அந்தக் குழுவின் நிலை வருவதில்லை.

தசைக்குள் நடப்பதையும் சற்றே பார்க்க வேண்டும். கனமான எடையைத் தூக்கியபின் தசைச் செல்லில் எம்டார் என்னும் புரதம் தூண்டப்பட்டு, புதிய தசைப் புரதத்தைக் கட்டும் வேலையை முடுக்கிவிடுகிறது. நீண்ட ஓட்டமோ கடுமையான இடைவெளிப் பயிற்சியோ செல்லின் ஆற்றல் இருப்பைக் குறைக்கும்போது ஏஎம்பிகே என்னும் மற்றொரு புரதம் விழித்துக்கொள்கிறது. அது ஆற்றல் உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாக்களைப் பெருக்க உதவுகிறது. கையிருப்பு குறைந்த நேரத்தில் புதிய கட்டுமானம் வேண்டாமென்று எம்டாரை அடக்கவும் செய்கிறது. வீட்டில் அரிசிப் பானை காலியாகும்போது புது அறை கட்டும் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள் அல்லவா, அதே கணக்குத்தான். ஆனால் இந்த அடக்கம் நிலையானதன்று. சில மணி நேரம் கழிந்து, உணவும் உள்ளே போனபின், கட்டுமானம் மீண்டும் தொடங்குகிறது. ஆகவே மூலக்கூறு அளவில் தெரியும் இந்தப் பகையை, மாதக்கணக்கில் தொடரும் பயிற்சியின் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பின்னாளில் வந்த ஆய்வுகளும் அச்சத்தைத் தணிக்கவே செய்தன. 2021இல் மோரிட்ஸ் ஷூமான் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அதுவரை வெளியான 40க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்வது தசை வளர்ச்சியையும் உச்ச வலிமையையும் குறிப்பிடத்தக்க அளவில் கெடுப்பதில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. நொடிப்பொழுதில் வெடித்தெழும் வலிமை மட்டும் ஓரளவு மட்டுப்படலாம். அதுவும் இரண்டு பயிற்சியையும் ஒரே வேளையில் அடுத்தடுத்துச் செய்தவர்களிடம் அதிகம். தரையிலிருந்து பார்பெல்லை ஒரே மூச்சில் தலைக்கு மேல் ஏற்றும் ஸ்னாட்ச் போன்ற தூக்குகள் வரும் போட்டிக்குப் போகிறவர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஸ்லெட் தள்ளப் போகிறவருக்கு இது கவலைப்பட வேண்டிய செய்தியன்று.

ஒன்று மற்றொன்றுக்கு எப்படி உதவுகிறது

குறுக்கீட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு உதவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை. புதியவர் மனத்தில் பதிய வேண்டியது இதுதான் என்பதால் இங்கே சற்று நின்று விளக்குகிறேன்.

கிராஸ்ஃபிட்டில் த்ரஸ்டர் என்றொரு பயிற்சி உண்டு. பார்பெல்லை மார்போடு தாங்கி முழுதாக உட்கார்ந்து எழுந்து, எழும் வேகத்திலேயே அதைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். ஆண்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் 43 கிலோவை எடுத்துக்கொள்வோம். ஒருவரால் இந்தப் பயிற்சியில் ஒரே ஒரு தடவை உயர்த்த முடிந்த எடை 50 கிலோ என்றால், அவர் தமது உச்ச வலிமையில் 86 விழுக்காட்டை ஒவ்வொரு தடவையும் செலவிடுகிறார். மூன்று நான்கு தடவைக்குமேல் அவரால் தொடர முடியாது. நுரையீரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. இன்னொருவருடைய உச்ச அளவு 90 கிலோ என்றால், அதே 43 கிலோ அவருக்குப் பாதிக்கும் குறைவு. அவர் மூச்சு தாங்கும் வரை செய்துகொண்டே போவார். அதாவது வலிமை கூடும்போது அதே வேலையின் விலை குறைகிறது. ஓட்டத்தில் கெட்டிக்காரர்களான சிலர் போட்டியில் ஸ்லெட்டின் முன் அசையாமல் நின்றுவிடுவதன் காரணம் இதுவே. அவர்களிடம் குறைவது மூச்சன்று, ஒரே ஒரு தள்ளலுக்கு வேண்டிய விசை.

மறுபக்கமும் உண்மைதான். ஒரு கனமான தூக்குக்கு வேண்டிய உடனடி ஆற்றல், தசைக்குள் பாஸ்போகிரியாட்டின் என்னும் சேமிப்பிலிருந்து வருகிறது. கடும் முயற்சியில் அது பத்து நொடி அளவிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீர்ந்ததை மீண்டும் நிரப்புவது ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியாக்களின் வேலை. ஆகவே நிதானமான ஓட்டத்தால் இதயமும் தசை இரத்தக் குழாய்களும் வளர்ந்தவருக்கு, ஒரு தூக்குக்கும் அடுத்த தூக்குக்கும் இடையே தேவைப்படும் ஓய்வு குறைகிறது. ஒரே ஒரு செட்டில், அதாவது ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் தடவைகளின் ஒரு தொகுதியில், மிக வலிமையாகத் தெரியும் ஒருவர் நான்காம் செட்டில் துவண்டுவிடுவதற்கும், அவரைவிட வலிமை குறைந்தவர் பத்தாம் செட்டிலும் அதே வேகத்தில் இருப்பதற்கும் இதுவே வேறுபாடு.

ஓட்டத்துக்கும் எடைப் பயிற்சி நேரடியாகத் துணைசெய்கிறது. 1999இல் பின்லாந்தில் லீனா பாவோலாய்னனும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும், நன்கு பயின்ற தாங்குதிறன் வீரர்களின் வழக்கமான பயிற்சியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் தாவல்களும் வேகமான எடைப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஒன்பது வாரத்துக்குப் பின் அவர்களுடைய 5 கிலோமீட்டர் நேரம் குறைந்தது. ஆக்சிஜனை உட்கொள்ளும் உச்ச அளவு உயரவில்லை. ஒவ்வோர் அடியும் குறைந்த ஆற்றலில் நடக்கத் தொடங்கியது, அவ்வளவுதான். சாட்ஸ்வொர்த்தின் ஏற்றங்களில் ஓடிப் பழகியவர்கள், தொடை வலுப்பெற்றபின் அதே மேடு தாழ்ந்துவிட்டதைப் போல் உணர்வதும் இதனால்தான்.

புதியவர் செய்யும் பெரும் தவறு

எனவே புதியவர் அஞ்ச வேண்டியது குறுக்கீட்டை அன்று, தீராத களைப்பை. நான் அடிக்கடி காணும் தவறு இதுதான்: போட்டியின் காணொளியைப் பார்த்துவிட்டு, அதையே பயிற்சியாக நாள்தோறும் செய்வது. ஓட்டம், பர்ப்பி, ஸ்லெட், பந்து என்று எல்லாவற்றையும் கலந்து, ஒவ்வொரு நாளும் மூச்சு முட்டும் அளவுக்குச் செய்து முடித்து, தரையில் படுத்துக்கொள்வதில் ஒரு நிறைவு காண்கிறார்கள். முதல் மாதம் முன்னேற்றம் தெரியும், ஏனெனில் சும்மா இருந்த உடலுக்கு எதைச் செய்தாலும் முன்னேற்றம்தான். இரண்டாம் மாதம் நின்றுபோகும். இத்தகைய கலவை எப்போதும் நடுத்தரமான கடுமையில் நிற்கிறது. வலிமை வளரும் அளவுக்கு எடை கனமாக இருப்பதில்லை. இதயத்தின் அடித்தளம் வளரும் அளவுக்கு ஓட்டம் நீண்டும் நிதானமாகவும் இருப்பதில்லை. களைப்பு மட்டும் முழு அளவில் வந்து சேருகிறது.

ஆகவே வலிமையைத் தனியே வளருங்கள், தாங்குதிறனைத் தனியே வளருங்கள், போட்டி நெருங்கும்போது இரண்டையும் கலக்குங்கள். நான் அறிந்தவரையில் புதியவருக்கு இதைவிடப் பயன்தரும் அறிவுரை இல்லை.

வாரத்தில் நான்கைந்து நாள் ஒதுக்கக்கூடிய ஒருவருக்கு நான் வகுத்துக்கொடுக்கும் முறையைச் சொல்கிறேன். எடைப் பயிற்சிக்கு இரண்டு நாள் போதும். ஒரு நாள் ஸ்குவாட்டும் தலைக்கு மேல் எடை உயர்த்துவதும். இன்னொரு நாள் தரையிலிருந்து எடை எடுக்கும் டெட்லிஃப்ட்டும், கம்பியில் தொங்கி மேலேறுவதோ கயிறு இழுப்பதோ போன்ற இழுக்கும் பயிற்சியும். ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை கொண்ட மூன்று செட். இன்னும் இரண்டு மூன்று தடவை செய்ய முடியும் என்னும் நிலையில் நிறுத்திவிட வேண்டும். செட்டுகளுக்கிடையே மூன்று நிமிடம் ஓய்வு, கடிகாரத்தைப் பார்த்து. இங்கே மூச்சு வாங்கத் தேவையில்லை; வேர்க்கவில்லையே என்று வருந்தவும் தேவையில்லை. செய்யும் முறை கெடாமல் எல்லாத் தடவைகளும் முடிந்தால் அடுத்த வாரம் 2.5 கிலோ கூட்டலாம். தண்டாலும் பஸ்கியும் செய்து வளர்ந்த நம் தாத்தாமார் இந்தப் பொறுமையை அறிந்தவர்கள். ஊர்ப்புறத்தில் இளவட்டக்கல்லைத் தூக்க விரும்பியவனும் முதல் நாளே அதன்மேல் கைவைக்கவில்லை.

ஓட்டத்துக்கு மூன்று நாள். அவற்றில் இரண்டு நாள் நிதானமான ஓட்டம். நிதானம் என்பதற்கு அளவுகோல், பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும் என்பதே. பேச்சு துண்டு துண்டாகிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நடந்துவிடுங்கள். நார்வேயில் பணிபுரியும் ஸ்டீஃபன் சைலர் என்னும் ஆய்வாளர், உலகத் தரத் தாங்குதிறன் வீரர்களின் பயிற்சிப் பதிவுகளை ஆராய்ந்து, அவர்களுடைய பயிற்சிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு இத்தகைய இலேசான கடுமையிலேயே நடப்பதைக் காட்டினார். மெதுவாக ஓடினால் மெதுவாகவே இருந்துவிடுவோம் என்னும் கவலை வேண்டாம். மூன்றாம் நாள் கடினமான நாள்: இரண்டு நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் மெதுவாக, ஐந்து அல்லது ஆறு சுற்று. சனிக்கிழமை காலையில் நார்த் பீச்சில் கட்டணமின்றி நடக்கும் 5 கிலோமீட்டர் பார்க்ரன்னில் கலந்துகொள்பவர்கள் அதையே இந்தக் கடினமான நாளாக வைத்துக்கொள்ளலாம், வாரந்தோறும் சாதனை நேரம் தேடாமல் இருந்தால்.

நாட்களை அடுக்கும்போது இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். கனமான ஸ்குவாட்டுக்கு முந்தைய நாள் கடினமான ஓட்டம் வரக் கூடாது. ஒரே நாளில் இரண்டும் செய்தே தீர வேண்டும் என்றால், இடையே ஆறு மணி நேரமாவது விட்டுவிடுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவே நல்ல சாப்பாடு. அதற்கும் வழியில்லாமல் ஒரே வேளையில் செய்பவர், தமக்கு எது பின்தங்கியிருக்கிறதோ அதை முதலில் செய்ய வேண்டும். ஜிம்மிலிருந்து வருபவர்களில் பலருக்கு ஓட்டமே பின்தங்கியிருக்கும், ஆனால் அவர்கள் பழக்கத்தால் எடையையே முதலில் தொடுவார்கள். களைத்த கால்களோடு டெட்லிஃப்ட் செய்வது முதுகுக்கு ஆபத்து என்பதால், அந்த நாளில் ஓட்டத்தை முதலில் வைத்தால் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்துக்குப் பதில் சைக்கிளோ துடுப்பு இயந்திரமோ பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். பயன்படுத்தலாம். ஓட்டத்தில் ஒவ்வொரு முறை கால் தரையைத் தொடும்போதும் தொடைத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதால், அதில் நுண்ணிய சிதைவும் வலியும் அதிகம். சைக்கிளில் அது மிகக் குறைவு. உடல் எடை அதிகமுள்ளவர்களும் முழங்கால் நோவு உள்ளவர்களும் முதல் இரண்டு மாதம் ஒரு நிதான ஓட்டத்தைச் சைக்கிளாக மாற்றிக்கொள்வது நல்லது. ஆனால் ஹைராக்ஸில் 8 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பதை மறந்து, ஓட்டத்தை முற்றிலும் விட்டுவிடக் கூடாது.

கலக்கும் காலம்

இவ்வாறு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் போனபின், போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, கடினமான ஓட்ட நாளைக் கலப்பு நாளாக மாற்றலாம். 1 கிலோமீட்டர் ஓடிவிட்டு உடனே மணல்மூட்டையுடன் 50 மீட்டர், மீண்டும் 1 கிலோமீட்டர், பிறகு பந்து எறிதல் 30 தடவை என்று மூன்று நான்கு சுற்று. இங்கே பழக வேண்டியது, கனத்த கால்களோடு மீண்டும் ஓடத் தொடங்கும் முதல் 200 மீட்டர். அந்த உணர்வை முன்பே அறியாதவர் போட்டியில் அதைக் கண்டு திகைத்து நின்றுவிடுவார். கலப்பு நாள் வாரத்துக்கு ஒன்று போதும், பழகியவருக்கு இரண்டு. மற்ற நாட்கள் பழையபடியே இருக்கட்டும். ஒவ்வொரு நான்காம் வாரமும் மொத்த அளவை மூன்றிலொரு பங்கு குறைத்து உடலுக்கு மூச்சு விட இடம் கொடுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள், டர்பனின் புழுக்கம் உச்சத்தில் இருக்கும் பருவத்தில் குறைந்த உணவோடு இருக்கிறார்கள். அந்த நாட்களை இலேசான வாரமாக முன்கூட்டியே திட்டத்தில் எழுதிவிட வேண்டும். விரதத்தோடு கடும் பயிற்சியைத் திணிப்பது இரண்டுக்கும் மரியாதையாகாது. புரட்டாசி மாதம் முழுவதும் மீனும் இறைச்சியும் விடுபவர்கள் பயிற்சியைக் குறைக்க வேண்டியதில்லை, புரதத்தை மட்டும் எண்ணிச் சாப்பிட வேண்டும். வலிமைப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் இருந்தால் நல்லது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 112 கிராம். உலர்ந்த சுகர் பீன்ஸ் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. பருப்பு, சோயா, தயிர், பால் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொண்டால் கணக்கு எட்டும். சோற்றைக் குறைக்காதீர்கள். இரண்டு பயிற்சியும் செய்து கொண்டு மாவுச்சத்தையும் வெட்டுபவர், முன்பு சொன்ன அந்தக் காலியான அரிசிப் பானையை நாள் முழுதும் அடுப்பில் வைத்திருப்பவர்.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் குடும்பங்களில் மிகுதி. நாற்பது வயதைக் கடந்தவர்களும், வீட்டில் இதயநோய் வரலாறு உள்ளவர்களும் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர்கள், பயிற்சி நாட்களில் சர்க்கரை தாழ்ந்துபோகாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு பயிற்சி செய்யாதீர்கள். பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பின் தசை அளவுமீறி வீங்கி வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்துப் போனால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக இருக்கலாம். உறங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்ணீரிலும் அளவு உண்டு. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டிம் நோக்ஸ் உள்ளிட்டோர், நெடுந்தூர ஓட்டங்களில் தேவைக்கு மிஞ்சிக் குடித்தவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்ததை 1985இலேயே எடுத்துக்காட்டினார்கள். தாகத்துக்குக் குடிப்பதே நேரான வழி.

போட்டிக்கு முந்தைய பத்து நாளில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது, களைப்பைக் கழிக்க மட்டுமே முடியும். பயிற்சி நாட்களின் எண்ணிக்கையை அப்படியே வைத்து, ஒவ்வொன்றின் அளவையும் பாதியாக்குங்கள். எடையைச் சற்றே கனமாகத் தொடுங்கள், தடவைகளைக் குறையுங்கள். போட்டி நாளில் முதல் கிலோமீட்டரை, பக்கத்தில் ஓடுபவர்கள் எல்லாரும் உங்களை முந்திப்போனாலும், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்துக்குச் சற்று மேலே மட்டும் வைத்திருங்கள். அவர்களில் பலரை, ஸ்லெட்டை இழுத்து முடித்து வெளியேறும்போது, இடுப்பில் கைவைத்து நடந்துகொண்டிருக்கும் நிலையில் மீண்டும் சந்திப்பீர்கள்.